பேண்டு செட்டும் காக்கி ஸ்டூடியோவும்

(ஆய்வு மாணவர்களின் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்.)



'காவல்துறையும் பண்பாடும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய தலைப்பை என்னால் தாங்க முடியாது. ஒரு சின்ன வீடியோவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உங்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள், பகிர்ந்தும் இருப்பீர்கள். நானும் பகிர்ந்திருக்கிறேன். அதனால் யாரையும் குற்றம் சொல்லும் இடத்தில் நான் இல்லை.

மும்பை காவல்துறையின் பேண்டுக் குழு 'காக்கி ஸ்டூடியோ' என்ற பெயரில் பாட்டுகளை வாசித்து சமூக ஊடகத்தில் போடுகிறது. 2021, 22 வாக்கில் அது ரொம்பவே பிரபலமானது. ஜேம்ஸ் பாண்ட் தீம் இசை வந்தது. 'புஷ்பா' படத்தின் 'ஸ்ரீவள்ளி' வந்தது. காக்கிச் சட்டையும் தொப்பியுமாக, சாக்ஸபோன், டிரம்பெட், கிளாரினெட் என்று வரிசையாக நின்று அழகாக வாசிப்பார்கள். கீழே கருத்துகளைப் பார்த்தால் இதயமாகக் கொட்டிக் கிடக்கும். 'இவ்வளவு அன்பான போலீஸா' என்று எழுதியிருப்பார்கள். இப்படிப்பட்ட முயற்சிகளுக்கு அதிகாரிகள் வைத்திருக்கும் பெயர் 'காவல்துறை - பொதுமக்கள் நல்லுறவு'. உலகம் முழுக்க இது நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் பள்ளிக்கூடங்களுக்கே போய் ராக் வாசித்துக் காட்டும் போலீஸ் குழுக்கள் உண்டு. அதே ஆஸ்திரேலியாவில்தான் காவலிலும் சிறையிலும் இறந்துபோன பழங்குடி மக்களைப் பற்றி விசாரிக்க ஒரு ராயல் கமிஷனே போட வேண்டியிருந்தது. 1980-க்கும் 1989-க்கும் இடைப்பட்ட 99 மரணங்களை விசாரித்து 1991-இல் அறிக்கை கொடுத்தார்கள். அது தனிக் கதை, அதற்குள் இப்போது போகவில்லை.

காக்கி ஸ்டூடியோ வாசித்ததில் ஒன்று 'பெல்லா சாவ்'. நம் வயதுக்காரர்களுக்கு அது 'மணி ஹெய்ஸ்ட்' பாட்டு. அந்த வீடியோவை அப்பாவிடம் காட்டினேன்.

எங்கப்பா பேண்டு செட்டில் டிரம்பெட் வாசித்தவர். கல்யாணத்துக்கும் வாசித்தார், ஆனால் வீட்டில் சோறு வேகவைத்தது பெரும்பாலும் சாவு வீடுகள்தான். முன்பல் போனபிறகு ஊதுவதை விட்டுவிட்டார். டிரம்பெட்டுக்குப் பல் வேண்டும், உதடு பிடிமானம் கிடைக்காது. அவர் வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். "நல்லா ஊதுறாங்கப்பா, சுருதி சேந்திருக்கு" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "எங்க டிரெஸ்ஸும் இதே மாதிரிதான் இருக்கும். தொப்பி, பட்டன், தோள்ல தங்கச் சரிகை எல்லாம். எங்களைத்தான் யாரும் சார்னு கூப்ட்டதில்ல" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் இங்கே பேசப்போவது கிட்டத்தட்ட அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான்.

முதலில் பாட்டுக்கு வருகிறேன். 'பெல்லா சாவ்' இத்தாலியில் பாசிசத்தையும் நாஜி ஆக்கிரமிப்பையும் எதிர்த்துச் சண்டை போட்ட கெரில்லாக்களின் பாட்டாக அறியப்படுகிறது. ஏப்ரல் 25 அங்கே விடுதலை நாள், அன்று தெருத் தெருவாக இதைப் பாடுவார்கள். நெல் வயலில் களை பறித்த பெண்களிடமிருந்து வந்த பாட்டு என்றும் சொல்வார்கள், ஆய்வாளர்கள் இதை ஒத்துக்கொள்வதில்லை, சண்டை இன்னும் ஓயவில்லை. நம் ஊரில் 2020 டிசம்பரில் டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்திருந்தபோது இதே மெட்டில் பஞ்சாபியில் பாட்டுக் கட்டி, வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறச் சொல்லிப் பாடினார்கள். அந்த விவசாயிகள் டெல்லிக்கு வரும் வழியில் போலீஸ் தண்ணீர் பீய்ச்சியது, கண்ணீர்ப்புகை வீசியது, சாலையைக் குழி தோண்டி வைத்தது. போலீஸுக்கு எதிரே நின்று பாடப்பட்ட பாட்டை ஓராண்டு கழித்து இன்னொரு ஊர்ப் போலீஸ் வாசிக்கிறது. வார்த்தை இல்லாமல், வாத்தியத்தில் மட்டும்.

அவர்கள் அதை வாசிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பாட்டு யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டதல்ல. நான் பார்க்கச் சொல்வது அந்த நேரத்தில் மும்பையில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை.

மும்பையில் பைகுல்லா என்ற இடத்தில் பெண்கள் சிறை இருக்கிறது. அந்த வீடியோ கைபேசிகளில் ஓடிக்கொண்டிருந்தபோது ஜோதி ஜக்தாப் என்ற பாடகர் அங்கே விசாரணைக் கைதியாக இருந்தார். அவருடைய தோழர்கள் சாகர் கோர்க்கே, ரமேஷ் கைச்சோர் இருவரும் நவி மும்பையில் தலோஜா சிறையில் இருந்தார்கள். மூவரும் கபீர் கலா மஞ்ச் குழுவைச் சேர்ந்தவர்கள். 2002 குஜராத் வன்முறைக்குப் பிறகு புனேயில் தொடங்கிய குழு அது. தலித் இளைஞர்களும் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளும் சேர்ந்து டஃப் அடித்து, சேரிகளிலும் கல்லூரி வாசல்களிலும் பாடினார்கள். சாதியைப் பாடினார்கள், கைர்லாஞ்சியைப் பாடினார்கள், அம்பேத்கரையும் பூலேவையும் பாடினார்கள். 2011-இல் மாவோயிஸ்டுகள் என்று முத்திரை குத்தி ஊபா சட்டத்தில் அவர்களில் சிலரைக் கைதுசெய்தார்கள், மற்றவர்கள் தலைமறைவானார்கள். 2013 ஏப்ரலில் ஷீத்தல் சாத்தேயும் சச்சின் மாலியும் மகாராஷ்டிரச் சட்டமன்றத்தின் முன்னால் வந்து நின்று தங்களை ஒப்படைத்தார்கள். ஓடி ஒளியவில்லை, எங்கள் பாட்டுக்கு நாங்களே பொறுப்பு என்று வந்து நின்றார்கள். ஷீத்தல் அப்போது கர்ப்பிணி. கோர்க்கேவும் கைச்சோரும் அடுத்த மாதமே வந்து ஒப்படைத்தார்கள். மூன்றரை ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தபிறகு, 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது.

அந்த ஆண்டின் கடைசி நாள், டிசம்பர் 31, புனே சனிவார்வாடாவில் எல்கார் பரிஷத் கூட்டம் நடந்தது. பீமா கோரேகான் போரின் இருநூறாவது ஆண்டு. கபீர் கலா மஞ்ச் அங்கே பாடியது. மறுநாள் பீமா கோரேகானுக்குப் போன தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், தாக்கப்பட்டவர்கள் பக்கம் பேசியவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஸ்டான் சுவாமி திரும்பி வரவேயில்லை. மூன்று பாடகர்களையும் 2020 செப்டம்பரில் என்.ஐ.ஏ. கைதுசெய்தது. 2022 அக்டோபரில் ஜோதிக்கு ஜாமீன் மறுத்த பம்பாய் உயர் நீதிமன்ற உத்தரவைப் படித்துப் பாருங்கள். குழுவின் நிகழ்ச்சியில் வந்த 'அச்சே தின்', கோமியம் போன்ற கேலிச் சொற்களை எடுத்து எழுதியிருக்கிறார்கள். ஒரு தெரு நாடகத்தின் நையாண்டி, பயங்கரவாத வழக்கின் உத்தரவில் பதிவாகிக் கிடக்கிறது.

இங்கே ஒன்றைச் சரியாகச் சொல்லியாக வேண்டும். அவர்களைக் கைதுசெய்தது மும்பை காவல்துறை அல்ல. சாக்ஸபோன் வாசித்த அந்தக் காவலருக்கும் இந்த வழக்குக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. 'பாட்டு வாசிக்கிறார்கள் பார், பாடகரைப் பிடித்து உள்ளே போடுகிறார்கள் பார்' என்று ஒரு மீம் போட்டுவிட்டுப் போய்விடலாம். அது எளிது. எனக்கு அது போதவில்லை.

ஏனென்றால் மும்பையில் தலித் பாட்டுக்கும் காக்கிக்கும் இடையில் இருக்கும் கணக்கு இந்த ஒரு வழக்கோடு முடிவதில்லை. 1974 ஜனவரியில் வொர்லியில் தலித் பேந்தர்கள் கூட்டம் போட்டபோது கலவரம் வெடித்தது. அங்கே பி.டி.டி. சால்களில் தலித் குடும்பங்களும் போலீஸ்காரர் குடும்பங்களும் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில் வாழ்ந்தார்கள். ஒரே குழாயடி. 'சமூகத்தோடு நல்லுறவு' என்று தேடிப்போகவே தேவையில்லாத நெருக்கம் அது. அந்த நெருக்கம் அன்றைக்கு யாரையும் காப்பாற்றவில்லை. 1997 ஜூலை 11 காலையில் காட்கோபர் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டிருந்தது. கேள்வி கேட்டு மக்கள் தெருவுக்கு வந்தார்கள். மாநில ரிசர்வ் போலீஸ் சுட்டதில் பத்துப் பேர் செத்தார்கள். துப்பாக்கிச்சூட்டுக்கு நியாயமில்லை என்று விசாரணை ஆணையமே சொன்னது. சுட உத்தரவிட்ட சப்-இன்ஸ்பெக்டருக்கு 2009-இல், பன்னிரண்டு ஆண்டு கழித்து, ஆயுள் தண்டனை விதித்தார்கள். சில நாள்களிலேயே உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்தது.

துப்பாக்கிச்சூடு நடந்த நான்காம் நாள் விலாஸ் கோக்ரே என்ற பாடகர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சேரிகளில் பாடித் திரிந்த மக்கள் கவிஞர் அவர். இடதுசாரிக் கலைக்குழுவில் இருந்தவர், கடைசி நாளில் தலையில் நீலத் துணியைக் கட்டிக்கொண்டார். அவரைத் தொடக்கமாக வைத்துத்தான் ஆனந்த் பட்வர்தன் 'ஜெய் பீம் காம்ரேட்' ஆவணப்படத்தை எடுத்தார். பதினான்கு ஆண்டுகள் படம்பிடித்தார். கபீர் கலா மஞ்சின் ஷீத்தல் பாடுவதை நான் முதலில் பார்த்தது அந்தப் படத்தில்தான். பார்க்காதவர்கள் பாருங்கள், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும், பரவாயில்லை.

சரி, பேண்டு செட்டுக்கு வருகிறேன்.

இந்தப் பித்தளை வாத்தியங்கள் வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு வந்தவை. பட்டாளத்துக்கு பேண்டு வேண்டும், சமஸ்தானங்களுக்கு வேண்டும், அப்புறம் போலீஸுக்கும் வேண்டும் என்று ஆனது. அங்கிருந்து அது தெருவுக்கு இறங்கியபோது யார் கைக்கு வந்தது? கல்யாண பேண்டு வாசிக்கிறவர்களைப் பற்றி கிரெகரி பூத் என்ற இசை ஆய்வாளர் 'பிராஸ் பாஜா' என்று ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார், 2005-இல் வந்தது. நாடு முழுக்க அந்த வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் சாதி அடுக்கின் கீழே வைக்கப்பட்டவர்களும் ஏழை முஸ்லிம்களும்தான். நம் ஊரில் சொல்லவே வேண்டாம். பறை அடித்தவர்கள் வீட்டிலேயேதான் டிரம்பெட்டும் சைடு டிரம்மும் வந்து உட்கார்ந்தன. தோலும் பித்தளையும் வேறு, சாவு வீட்டு வாசலில் நிற்க வேண்டிய இடம் ஒன்றுதான். காசு கொடுக்கும்போது கையில் படாமல் போடுகிற பழக்கமும் ஒன்றுதான்.

ஒரே வாத்தியம், ஒரே மூச்சு. அரசாங்கச் சீருடையில் ஊதினால் மரியாதை, சாவு வீட்டில் ஊதினால் இழிவு. அப்பா சொன்னது இதைத்தான்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைத்துப் பேசினால் நான் பொய் பேசுகிறவனாவேன். அப்பாவின் செட்டில் கிளாரினெட் வாசித்த ஒருவரின் மகன் போலீஸ் பேண்டில் சேர்ந்தார். எங்கள் தெருவே கொண்டாடியது. மாதச் சம்பளம், குவார்ட்டர்ஸ். வாசித்தால் சோறு கிடைக்குமா என்ற கவலை இல்லாமல் வாசிக்கலாம். குடியரசு தினம், அணிவகுப்பு, உயர் அதிகாரி இறந்தால் இறுதி மரியாதை. "அங்கயும் சாவுக்குத்தான்டா வாசிக்கிறேன், ஆனா சேர் போட்டு உக்கார வச்சு டீ குடுக்குறாங்க" என்று அவர் சொன்னதை மறக்க முடியவில்லை. காக்கி ஸ்டூடியோவில் நிற்கிறவர்களிலும் இப்படி யாராவது இருக்கலாம். அந்த வேலையைப் பிடுங்கச் சொல்லும் ஆள் நான் இல்லை. அதனால்தான் நான் பேண்டுக்காரர்களைப் பற்றிப் பேசவில்லை, பேண்டை அனுப்பிவைக்கிற நிர்வாகத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் தெருவில் ஒரு பாட்டி இறந்துபோனார். சுடுகாட்டுக்குப் போகும் வழியில் ஊர்த்தெரு ஒன்று வரும். அதற்கு முந்தைய வருஷம் அங்கே தகராறு ஆகியிருந்தது. அன்றைக்குப் பாதுகாப்புக்கு என்று போலீஸ் வேன் வந்து நின்றது. எங்களுக்குப் பாதுகாப்பு என்றுதான் நினைத்தோம். சப்-இன்ஸ்பெக்டர் இறங்கி வந்தார், கோபமாகக்கூடப் பேசவில்லை, சிநேகமாக அப்பாவின் தோளில் கைபோட்டார். "எதுக்குண்ணே பிரச்சினை? இந்த நாப்பது வீடு தாண்டுற வரைக்கும் நிறுத்திக்குங்க. அந்தாண்ட போயி எவ்வளவு வேணா வாசிங்க." அப்பா டிரம்பெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பறைக்காரர்கள் பறையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்கள். நாற்பது வீட்டுத் தூரமும் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. இரண்டு பக்கமும் திண்ணையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யாரையும் அடிக்கவில்லை. வழக்குப் போடவில்லை. அன்றைய பதிவேட்டில் 'அமைதியாக முடிந்தது' என்று எழுதியிருப்பார்கள். அந்த அதிகாரி நல்ல மனிதராகக்கூட இருக்கலாம். தீண்டாமை அந்தத் தெருவில் அன்றைக்குக் கம்பு எடுக்காமலே நிறைவேறியது, ஏனென்றால் கம்பு வைத்திருந்தவர் அந்த வேலையைத் தானே செய்து முடித்துவிட்டார். பொதுவழியில் எங்கள் பிணத்தை நாங்கள் மேளத்தோடு கொண்டுபோவதைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். அந்தச் சட்டத்தை அமல்படுத்த வேண்டியவர் தோளில் கைபோட்டுச் சட்டத்தை மீறச் சொன்னார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பிரச்சினை வேண்டாம்'. எனக்கு 'நல்லுறவு' என்ற சொல்லைக் கேட்டாலே அந்தக் கை ஞாபகம் வருகிறது.

தமிழ்நாட்டில் இந்த நல்லுறவு முயற்சிகளுக்குப் பஞ்சமே கிடையாது. 'காவல்துறை உங்கள் நண்பன்' என்று எழுதாத ஸ்டேஷன் சுவர் உண்டா? 1993-இல் ராமநாதபுரத்தில் 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' தொடங்கினார்கள், பெரிய சாதனையாகப் பேசப்பட்டது. 2020 ஊரடங்கில் போலீஸ்காரர்கள் பாடுகிற, ஆடுகிற வீடியோக்கள் நாடு முழுக்க வந்தன. சென்னையில் ஒரு ஆய்வாளர் கொரோனா வடிவத்தில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு சாலையில் நின்றதை உலகமே ரசித்தது. அது மார்ச் கடைசி. ஜூன் 19-ஆம் தேதி சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் அதே ஊரடங்கு விதியைச் சொல்லித்தான் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். நான்கு நாளில் இருவரும் உயிரோடு இல்லை. அந்த விவகாரத்தில் ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் பெயரும் அடிபட்டது. எங்களுக்குத் தொடர்பில்லை என்று அவர்கள் மறுத்தார்கள். ஜூலையில் அரசாங்கம் அந்த அமைப்பையே தடைசெய்தது. நண்பர்களைத் தடைசெய்துவிட்டார்கள், லாக்கப் அப்படியே இருந்தது.

பாடியதற்காகக் கைதான கதையும் நமக்குப் புதிதில்லை. மதுக்கடையை மூடச் சொல்லிப் பாடிய கோவனை 2015 அக்டோபர் கடைசியில் திருச்சி வீட்டுக்கு விடியாத நேரத்தில் போய்க் கைதுசெய்தார்கள். தேசத் துரோக வழக்கு. 2018-இல் இன்னொரு பாட்டுக்கு மறுபடி கைது. இரண்டு முறையும் ஆட்சியில் இருந்தது ஒரே கட்சி என்று சொல்லி மற்ற கட்சிகளைத் தப்பவிட வேண்டாம், பெர்மிஷன் கேட்டு ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்கள், ஆட்சி மாறியது அந்த மேசைக்குத் தெரிந்திருக்காது.

அந்த மேசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏப்ரல் 14-க்கு எங்கள் பகுதியில் நிகழ்ச்சி நடத்த நான்தான் மனு எழுதுவேன், படித்தவன் என்ற காரணத்தால். கோயில் திருவிழாக் கச்சேரிக்கு நேரம் மட்டும் கேட்பார்கள். எங்களிடம் பாடுகிறவர்கள் பெயர், ஊர், போன் நம்பர் கேட்பார்கள், பாட்டுப் பட்டியலையும் கேட்பார்கள். எந்தச் சட்டத்தில் பாட்டுப் பட்டியல் கேட்கச் சொல்லியிருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "தம்பி ஆராய்ச்சி பண்றீங்களோ?" என்றார் எழுத்தர். ஆமாம் என்றேன். மனு மூன்று நாள் நகரவில்லை. நிகழ்ச்சிக்கு முதல் நாள் இரவு பத்து மணிக்குத்தான் கையெழுத்தானது, பதினாறு நிபந்தனையோடு. சாதிப் பெயர் வரக்கூடாது என்பது அதில் ஒன்று. சாதி ஒழிப்பைப் பற்றிச் சாதிப் பெயர் வராமல் பாட வேண்டும்! எங்கள் பாடகர் ஒருவர் அந்த வார்த்தை வரும் இடத்திலெல்லாம் வாயை மூடிக்கொண்டு பறையில் ஒரு அடி கொடுத்தார். கூட்டம் அந்த வார்த்தையைச் சொல்லியது. நிபந்தனை பாடுகிறவருக்குத்தானே.

போலீஸ் பேண்டு யாரிடம் பட்டியல் கொடுத்து எந்த மேசையில் காத்திருக்கிறது?

சமூகத்தோடு உறவு வேண்டும் என்று ஒரு காவல்துறை உண்மையாகவே நினைத்தால் அதற்கு வழி ஏற்கெனவே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. வன்கொடுமைப் புகாரோடு வருகிறவரை உட்காரவைத்து, அவர் சொல்வதைக் கேட்டு எழுதி, எழுதியதை அவருக்குப் படித்துக்காட்டி, கையெழுத்து வாங்கி, முதல் தகவல் அறிக்கையின் நகலைக் காசு வாங்காமல் கையில் கொடுக்க வேண்டும். சொல்வதைப் படித்துக்காட்டுவது வரை சட்டத்திலேயே இருக்கிறது. வேண்டுமென்றே செய்யத் தவறுகிற, பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத அரசு ஊழியருக்கு ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை சிறை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் நான்காவது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவில் தண்டனை பெற்ற ஒரு அதிகாரியின் பெயரைச் சொல்லுங்கள் என்று நான் வகுப்புகளில் கேட்பதுண்டு. இதுவரை யாரும் சொன்னதில்லை. பேண்டு வாங்க ஆகும் செலவுகூட இதற்கு ஆகாது. ஒரு நாற்காலி, ஒரு பேனா.

போன மாதம் அப்பாவிடம் அந்த நாற்பது வீட்டைப் பற்றிக் கேட்டேன், இந்தக் கூட்டத்தில் சொல்லலாமா என்று. சொல்லு என்றார். ஆனால் ஒரு திருத்தம் சொன்னார். "நாப்பது வீடு இல்லடா, முப்பத்தாறு. ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டேதான் நடந்தேன்." முப்பத்தாறாவது வீடு தாண்டியதும் முதலில் எந்தப் பாட்டை ஊதினார் என்று கேட்டேன். அது மட்டும் ஞாபகம் இல்லை என்றார்.

நேரமாகிவிட்டது என்று தோழர் கை காட்டுகிறார். கேள்விகள் இருந்தால் பேசலாம்.